இன்னும் இரண்டு வட்டம்

குலசேகரம்,
ஞாயிறு மத்தியானம்.

மக்களே,

நாற்பது வருஷம் ஊர்க்காரர்களின் கடிதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தவள் நான். சொந்தமாக எழுதியது என்று பார்த்தால், நீ ஹாஸ்டலில் இருந்தபோது போட்ட நாலைந்து இன்லண்டுதான். இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம், இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டில் போன் பேசினால் நாலு பேருக்குக் கேட்கும். பாட்டிக்குக் காது மந்தம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவளுக்கு வேண்டாதது மட்டுந்தான் கேட்காது.

போன மாசம் நீ கூப்பிட்டு, "எம்மா, ஒங்க அம்மா பக்கத்துல ஆருக்காவது மாருலயோ சினைப்பையிலயோ இந்தப் புற்றுத் தீனம் வந்திருக்கா, எத்தனை வயசுல வந்துது?" என்று கேட்டாயே. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் பாட்டி, வாசலில் உன் மதினி. "எனக்கு மட்டுந்தான் மக்களே, வேற ஆருக்கும் இல்ல" என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். பிறகு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நம் குடும்ப மரப் படத்தைப் பார்த்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், தீனம் வந்தவர்களுக்குக் கறுப்பு, செத்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. அத்தனை வட்டத்தில் என்னுடையது ஒன்றுதான் கறுப்பு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாக உறக்கம் இல்லை.

படம் தப்பு. இன்னும் இரண்டு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும்.

முதல் வட்டம் என் சித்தி, உன் அம்மாச்சிக்கு நேர் இளையவள். மணவாளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தது. 1974-இல் செத்தாள். வயது 38. சன்னி கண்டு செத்தாள் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அப்போது 16. பரீட்சை எழுதி முடித்த கையோடு, சமையலுக்கு ஆள் இல்லை என்று என்னை அங்கே அனுப்பினார்கள். போன பிறகுதான் தெரிந்தது, சமையல் அத்தனை வேலை இல்லை, துணி அலசுவதுதான் வேலை என்று. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு ஒன்று. அதில் நார்க்கட்டிலில் சித்தி படுத்திருந்தாள். ஜன்னலை எப்போதும் அடைத்தே வைத்திருப்பார்கள். காலையும் மாலையும் சாம்பிராணி போடுவோம். சாமிக்கு இல்லை, வாடைக்கு. இடது மாரில் புண். பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்து ஒற்ற வேண்டும். ஈயச்சட்டியில் கொதிதண்ணீர் வைத்து அந்தத் துணிகளை நான் அலசுவேன். கொடியில் காயப்போடக் கூடாது. கைதைப் புதருக்கு அந்தப் பக்கம், கடல் பார்த்த மணலில் விரித்துப் போடுவேன், அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல். காய்ந்து எடுக்கும்போது கறுத்த மணல் ஒட்டியிருக்கும். உதறினால் வெயிலில் மினுமினுக்கும்.

ஆரம்பத்தில் அது பால்கட்டு என்று சித்தி தன் மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறாள். பிறகு வந்த வைத்தியர் ஒருத்தர் பச்சிலை வைத்துக் கட்டினார். கட்ட கட்டப் பெருத்தது. கோபம் வருகிறது மக்களே, இப்போதும். ஏனென்றால் நெய்யூர் ஆஸ்பத்திரி அங்கிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் துரை வந்து வேலை பார்த்த ஆஸ்பத்திரி அது. அவர் காலத்திலேயே அங்கே ரேடியம் வைத்துப் புற்றுக்கு வைத்தியம் பார்த்தார்கள். எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து நெய்யூரில் படுத்திருக்க, அரை மணி தூரத்தில் இருந்தவளைச் சாய்ப்பில் பூட்டி வைத்தோம்.

ஏன் என்று கேட்பாய். அந்த வருஷம் என் பெரியம்மை மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. அடுத்தது நான். ஒரு நாள் துணி மாற்றும்போது சித்தி என் கையைப் பிடித்தாள். அந்த உடம்பில் அத்தனை பெலம் எங்கிருந்து வந்ததோ. "ஆருட்டயும் சொல்லாத பிள்ளே. ஒனக்க கல்யாணம் நிக்கும்" என்றாள். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஐம்பது வருஷம் காப்பாற்றிவிட்டேன்.

இரண்டாவது வட்டம் உனக்குத் தெரிந்தவள்தான். பம்பாய் சித்தி, அந்தச் சித்தியின் மூத்த மகள். லீவுக்கு வந்தால் உனக்கு அல்வா டப்பா கொண்டுவருவாளே. 2011-இல் மஞ்சள் காமாலை என்று சொன்னோம். காமாலை கடைசியில் வந்தது உண்மை. முதலில் வந்தது சினைப்பையில் கட்டி. வயது 51. அவள் மாப்பிள்ளை என்னிடம் மட்டும் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் எனக்கே அது பழகிப்போயிருந்தது.

என் அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை, 84 வயது வரை இருந்தாள். அதை நினைத்து நானும், இது சித்தியோடு போன தீனம் என்று இருந்தேன். ஜீனில் பிழையைச் சுமப்பவர் எல்லோருக்கும் தீனம் வந்தே தீரும் என்று இல்லை, வராமலே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நீ ஒரு தடவை சொன்னாய். அன்றைக்கு அடுக்களையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். ஒரு முறியோடு நிறுத்திவிட்டு எழுந்து போனேன். நீ கவனிக்கவில்லை.

2006-ஐயும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 48, நீ பதினொன்றாம் வகுப்பு. திருவனந்தபுரத்துப் புற்று ஆஸ்பத்திரியை நம் ஊரில் 'ஆர்.சி.சி.' என்று மூன்று எழுத்தில் சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை, தம்பானூர், அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் பஸ். எத்தனை தடவை போனோம் என்று உன் அப்பாவுக்குத்தான் கணக்குத் தெரியும். டிக்கெட்டையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். முதல் நாள் அங்கே ஒரு சின்ன டாக்டர் பெண், மலையாளத்தில் நிதானமாக, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டாள். பக்கத்தில் உன் அத்தை நின்றாள். 'இல்லா' என்றேன். மலையாளத்தில் பொய் சொல்வது கொஞ்சம் சுலபம்.

அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அப்போது சோதனை செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் காகிதத்தில் ஏறியிருக்கும். காகிதத்தில் ஏறியது எங்கேயும் போகாது, அது தபால்காரிக்குத் தெரியும்.

சித்தி செத்த பிறகு எங்களுக்குள் ரகசியமாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம், எல்லாம் அந்த மணலால் வந்தது என்று. மணல்மேல்தான் பழி போடுவார்கள் அந்தப் பக்கத்தில். 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, மோனசைட் இருக்கிறது என்று கண்டுபிடித்து மணவாளக்குறிச்சிக்குத் தேடி வந்தாராம். அதில் கதிர்வீச்சு உள்ள தோரியம். அந்தத் தோரியம்தான் அன்றைய காஸ் விளக்கின் மாண்டிலுக்கு வேண்டியிருந்தது. இதை நீ சொல்லும்போது நான் அந்தத் துணிகளை நினைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. நான் உதறிவிட்ட மணலைத் தேடி ஒருவன் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறான்!

ஆனால் மணல் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்றும் நீதான் சொன்னாய். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் அதே மாதிரி மணலில் குடியிருக்கும் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரி பத்தரை வருஷம் பார்த்து, புற்று கூடவில்லை என்று ஆர்.சி.சி.காரர்களே 2009-இல் எழுதிவிட்டார்கள். அதே கரையில் இன்னொரு கூட்டம் வந்து, 248 குடும்பத்தில் 988 பேரைச் சோதித்து, அம்மா வழியாக மட்டும் இறங்குகிற டி.என்.ஏ.வில் மற்ற இடத்தைவிட எழுத்துப் பிழை கூடுதல் என்று 2002-இல் கண்டது. அந்தப் பிழைகளும் கண்ட இடத்தில் விழவில்லையாம், மனுஷகுலம் 60,000 வருஷமாக எந்த இடங்களில் மாறி வந்ததோ அதே இடங்களில் விழுந்ததாம். நீ அதைச் சொன்னபோது உன் கண்ணில் இருந்த சந்தோஷம் எனக்கு விளங்கவே இல்லை. எனக்கு அன்று ஏமாற்றமாக இருந்தது. மணல் இல்லை என்றால் சித்தியின் தீனத்துக்கு நாங்கள்தான் வீடு என்று ஆகிறதே.

ஜீனைப் பார்க்கிற உன் வேலை என்ன என்று எனக்கு உண்மையிலேயே புரிந்தது நம் செந்துளுவன் வாழை விளையில்தான். இரண்டு வருஷம் முன்பு நீ ஓணத்துக்கு வந்தபோது, மேட்டு விளையில் ஒரு மூடு பச்சையாகப் போயிற்று, ஞாபகம் இருக்கிறதா? தாய் நல்ல சிவப்பு. கீழே நாலு கன்று, மூன்று சிவப்பு, ஒன்று பச்சை. அப்பா வெட்டுக்கத்தியோடு போனார், நீ போய் முன்னால் குத்தவைத்துக்கொண்டாய். வெட்டாதீங்கப்பா என்று. அந்தப் பச்சைக்கன்று குலை தள்ளுவதற்கு ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். குலையில் ஒரு சீப்பு மட்டும் வேடிக்கை. ஒரே காயில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை, நடுவில் ரூல்தடி வைத்துக் கோடு போட்டமாதிரி. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். தொடுவெட்டிச் சந்தையில் அந்தக் குலைக்கு விலை வைக்கவே யோசித்தார்கள்.

வாழைக்கு விதை கிடையாது. தாயின் கட்டையில் இருந்துதான் கன்று. அப்படியானால் நம் விளையில் நிற்கிற செந்துளுவன் அத்தனையும் ஒரே உடம்பு, வெட்டி வெட்டி நட்டது. அந்த ஒரே உடம்பில் ஏதோ ஒரு செல்லில் எழுத்து மாறி, அந்தச் செல் பெருகி, பச்சையாக ஒரு கன்று வந்து நிற்கிறது. உடம்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது, பீட்டர் நவல் என்பவர் 1976-இல் இதைத்தான் சொன்னார், கட்டி என்பது ஒரே செல்லின் வம்சம், அந்த வம்சத்துக்குள் பிழை சேரச் சேர, வேகமாகப் பெருகத் தெரிந்தது மற்றதைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வருகிறது, மருந்து அடித்தால் மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிறது மிஞ்சுகிறது என்று நீ சொன்னாய். நம் மூட்டில் பச்சைக்கன்றுதான் வேகமாக வளர்ந்தது. சிவப்பு மூன்றும் அதன் நிழலில் நின்றன. எனக்கு ஆறு தடவை மருந்து ஏற்றியது எதற்கு என்று அங்கே வைத்துத்தான் விளங்கியது. ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாமல் இல்லை. அன்று காது கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஆனால் வாழையில் வந்த பிழை அந்தக் கன்றோடு. நீ கேட்கிற பிழை வேறு, பிறக்கும்போதே கொண்டுவருவது. நீ சொன்னதை நான் பழைய மணியார்டர் பாரத்தின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். செல் எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கும் என்றாய். சரி, தந்தி என்று வைத்துக்கொள்வோம்: மகன் வரவு பணம் கடன். எல்லாம் மூன்றெழுத்து. முதல் இரண்டு எழுத்து உதிர்ந்துவிட்டது. மூன்று மூன்றாகவே படித்தால் என்ன வரும்? ன்வர வுபண ம்கட ன். ஒரு வார்த்தை தேறவில்லை. இரண்டே எழுத்துதான் போயிற்று, போனது முழுத் தந்தியும். பழுதானால் மாரிலும் சினைப்பையிலும் புற்று வர வழிவிடுகிற உன் பி.ஆர்.சி.ஏ. ஒன்று என்கிற ஜீனில் இப்படி இரண்டு எழுத்து உதிர்ந்த ஒரு பிழை யூதர்களிடம் அடிக்கடி தென்படுகிறது, தென்னாட்டுப் பெண்கள் சிலரிடமும் அதே பிழையைக் கண்டிருக்கிறார்கள் என்றாயே. சுற்றியுள்ள எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே பாட்டியிடமிருந்து வந்ததா, தனித்தனியாக நேர்ந்ததா என்று கண்டுபிடிப்பீர்களாம். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உறையின்மேல் அனுப்பியவர் பேர் இல்லாவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று நானும் சொல்வேன்.

ஒன்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இப்படி ஒரு கெட்ட பிழையை இயற்கை ஏன் இத்தனை தலைமுறை விட்டு வைத்தது என்று கேட்டேன். பிள்ளை பெற்ற பிறகு வருகிற தீனத்தை இயற்கைத் தேர்வு சரியாகப் பார்ப்பதில்லை, பிழை அதற்குள் பிள்ளைக்குப் போய்விடுகிறது என்றாய். என் சித்தி மூன்று பெற்றிருந்தாள். சாய்ப்பில் கிடத்தியவர்களுக்கும் அந்தக் கணக்குதான். உன் இயற்கைக்கும் நம் ஊருக்கும் ஒரே புத்தி.

கோடை லீவில் நீ நம் நூலகத்தில் பேசினாயே, நான் கடைசி வரிசையில் இருந்தேன், சுண்டல் கொடுக்கிற சாக்கில். மேரி கிளேர் கிங் என்ற அம்மாள் கதையைச் சொன்னாய். மார்புப் புற்று குடும்பத்தில் இறங்கும் என்று பெரும்பாலோர் நம்பாத காலத்தில், 1974-இல் தேடத் தொடங்கி, 1990-இல்தான் அந்த ஜீன் பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினாளாம். நான் 1974-இலேயே நின்றுவிட்டேன். நான் கைதைக்குப் பின்னால் துணி காயப்போட்ட வருஷம். அங்கே பெண்கள் தங்கள் அம்மாவுக்கு வந்தது, சித்திக்கு வந்தது என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லவில்லை என்றால் அந்த அம்மாள் எதை வைத்துத் தேடியிருப்பாள்?

அப்புறம் ஒரு பிள்ளை எழுந்து, குடும்பத்தில் இந்தப் பிழை இருந்தால் எப்போதிலிருந்து சோதிக்க வேண்டும் என்று கேட்டாள். 25 வயதிலிருந்தே வருஷாவருஷம் எம்.ஆர்.ஐ. பார்ப்பது நல்லது என்று நீ சொன்னாய். உனக்கு 35. பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தை நான் உன்னிடமிருந்து எடுத்திருக்கிறேன், அதுவும் உன் தொழிலே இது என்று தெரிந்த பிறகு. சுண்டல் பாத்திரத்தை யாரிடம் கொடுத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

நேற்று ராத்திரி உன் அப்பாவிடம் சொன்னேன். 1979-இல் என்னைக் கட்டும்போது சொல்லாததை இப்போது சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். வெற்றிலையை மடித்தவர் அப்படியே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளைக்கு எழுதினியா?" என்றார். இல்லை என்றேன். "எழுது" என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டார். உறங்கவில்லை, எனக்குத் தெரியும்.

தீனம் வந்தவளுடைய இரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாய், அதனால் நான் வருகிறேன். ஹைதராபாத் போகும் கச்சிகுடா வண்டிக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார், தேதியைப் போனில் சொல்வார். நாங்கள் ஊர் பார்க்க வருகிறோம் என்றுதான் இங்கே பேச்சு. ரிசல்ட்டில் இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல், 'அர்த்தம் தெரியாத மாற்றம்' என்று வரலாம் என்று நீ ஒரு தடவை சொன்னதையும் மறக்கவில்லை. வரட்டும். விலாசம் தெரியாத கடிதம் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

படத்தில் திருத்திக்கொள். என் சித்தி, மார், 36-இல் தொடங்கியது, 38-இல் செத்தாள். பம்பாய் சித்தி, சினைப்பை, 50-இல் தெரிந்தது, 51-இல் செத்தாள். அவளுக்கு இரண்டு தம்பிகள், இருவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. நம்பரை நான் தேடித் தருகிறேன், பேசுவதும் நான்தான். நீ டாக்டர்மாதிரிப் பேசினால் பயந்துவிடுவார்கள்.

உன் அண்ணன் விஷயம். ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவன் வழியாகவும் இறங்கும் என்றாயே. அவனுக்கு இரண்டு பெண். மூத்தவளைக் கேட்டு இப்போதே ஆள் வருகிறது. அவனிடம் நீ முந்திச் சொல்லிவிடாதே. இரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும் அவனை மேட்டு விளைக்குக் கூட்டிப்போய் நானே சொல்கிறேன். உன் மதினியையும் கூடவே வரச்சொல்கிறேன்.

உனக்கு ஏத்தங்காய் உப்பேரியும் ஒரு சீப்பு மட்டியும் எடுத்து வருகிறேன். வேறு ஏதும் வேண்டுமென்றால் எழுது.

அம்மா